பச்சைக்குச் சொந்தக்காரர்

மொன்றியல்
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

பொங்கலன்று தொலைபேசியை டக்கென்று வைத்தது நான்தான். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. "இனிமேல் சண்டை பிடிக்கிறதெண்டால் ரெண்டு பேரும் கடிதத்தில பிடியுங்கோ, எனக்குக் காது வலிக்குது" என்று ஞானாம்பிகை அண்ணி செய்தி அனுப்பியிருக்கிறா. அவவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மெட்ரோவில் ஏறிப் பத்து நிமிஷம் போனபிறகுதான் மூக்கு எனக்குத் திரும்பி வருகிறது.

"உலகத்தில எத்தினை பாசை இருக்கு, நீ ஏன் துருக்கிக்காரன்ர பச்சைக்குப் பின்னால ஓடுறாய்?" என்று கேட்டீர்கள். முப்பத்தொன்பது வயதில், காலையில் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு மத்தியானம் பல்கலைக்கழகத்துக்கு ஓடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் சொல்கிறேன்.

பச்சைக்குத் துருக்கியில் யெஷில். உஸ்பெக்கில் யஷில், கசாக்கில் ஜசில். எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். அதற்குள் இருப்பது யஷ் என்ற பழைய சொல். ஈரம், புதிது, இளசு என்று பொருள். கண்ணீருக்கும் துருக்கியில் அந்தச் சொல்தான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கல்வெட்டில் பச்சை ஆறு என்று ஓர் ஆற்றைச் சொல்லியிருக்கிறார்கள். சீனர் மஞ்சள் ஆறு என்பதுதான் அது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரே தண்ணீர், ஆளுக்கொரு நிறம். இந்தச் சொல் எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்பதுதான் என் ஆய்வு.

நாங்களும் பச்சைத்தண்ணி, பச்சை இறைச்சி, பச்சைப்பிள்ளை என்கிறோமே, கவனித்தீர்களா? அவர்களைப் போலவே.

எல்லா நிறத்தையும் விட்டுவிட்டு ஏன் பச்சை என்று மட்டும் கேட்காதீர்கள். அது உங்களுக்குத் தெரியும்.

அண்ணிக்கு என் அன்பு.
தங்கை துஷாந்தினி


சுன்னாகம்
16 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாத்திரை போடுகிறேன், அண்ணியைக் கேட்டுப் பார். நீ ஒழுங்காகச் சாப்பிடு. பாணும் சீஸும் சாப்பாடு இல்லை.

பிள்ளை, நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு நித்திரை வரவில்லை. பச்சைப்பிள்ளை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். உன் கையில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியவில்லை! பச் என்பதில் பகரம் தேய்ந்தால் அச். அதன் முன் யகரம் ஏறினால் யச். யச் என்பது யஷ். நம்முடைய பச்சைதான் பாமீர் மலையேறிக் குளிரில் நடுங்கி யெஷிலாக நிற்கிறது. மண்டையில் அடித்தது போல இருந்தது எனக்கு.

கடையில் புடவை மடிக்கும்போதும் இதே யோசனைதான். முதலாளியிடமும் சொன்னேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எங்கள் சொல்வேர் மன்றத் தலைவருக்கும் சொல்லிவிட்டேன். நான் செயலாளராக இருந்து சொல்லாவிட்டால் யார் சொல்வது?

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ.
அண்ணன் இரவிச்சந்திரன்


மொன்றியல்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

இல்லை, அண்ணை. பச்சை பாமீர் ஏறவில்லை. சத்தம் ஒத்துப்போனால் போதாது. பகரம் தேய்ந்து யகரம் வந்தது என்றால் வேறு எந்தெந்தச் சொல்லில் அப்படி நடந்தது? யார் கொண்டுபோனார்கள், எந்த நூற்றாண்டில், எந்த வழியால்? இதில் ஒன்றுக்காவது உங்களிடம் பதில் உண்டா? ஆங்கிலத்தில் கிறீன் என்பதும் முளைப்பது, வளர்வது என்பதோடு பிறந்த சொல்தான். அப்படியென்றால் அவனும் சுன்னாகத்தானா?

மழை விட்ட பிறகு புல்லைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். எனக்கு இது நாங்கள்தான் எல்லோருக்கும் கொடுத்தோம் என்பதைவிடப் பெரிய சந்தோஷம். நாங்கள் யாருக்கும் தகப்பனாக இல்லாவிட்டால் குறைந்துபோய்விடுவோமா?

தயவுசெய்து இதை மன்றத்தில் பேச வேண்டாம். செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. ஆறு வருஷ உழைப்பு.

இங்கே பனி உருகத் தொடங்கி ரோட்டெல்லாம் சேறு. மூலைக்கடை டெப்பனர்க்காரர் வாசலில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டிருக்கிறார், அதன்மேல் பூனைபோல நடந்து போகிறோம்.

உடம்பைப் பாருங்கள்.
துஷாந்தினி


சுன்னாகம்
2 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் பரவாயில்லை. கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு உன்னைக் குறைத்து மதிக்கிற பழக்கம். பெரிய கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படுகிறாய். பயப்படாதே. அண்ணன் இருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி வரும். இப்போது சொல்லமாட்டேன்.

வருஷப்பிறப்புக்குக் கைவிசேஷக் காசு தர நீ பக்கத்தில் இல்லை. ஆசீர்வாதம் மட்டும்.
இரவிச்சந்திரன்


மொன்றியல்
27 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

உங்கள் நல்ல செய்தி வந்துவிட்டது. உங்கள் மன்றத்தின் மொன்றியல் கிளைக்காரர் யோசெப் போன வாரம் மெட்ரோ வாசலில் என்னை மறித்து, "பிள்ளை, கையைக் குடு! தமிழினத்தின்ர தலையை நிமித்திப்போட்டாய்!" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற கிழவி பயந்து விலகிப் போனாள். பிறகு கைபேசியில் காட்டினார். உங்கள் ஆண்டு மலர், அட்டையில் என் பழைய பாஸ்போட் படம். "பச்சை தமிழே! துருக்கியரின் நிறத்துக்கு வேர் தந்த தமிழ். எழுதியவர்: கலாநிதி துஷாந்தினி, மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு."

நான் இன்னும் கலாநிதி இல்லை. நான் இதை எழுதவில்லை. மன்றத்தில் பேசவே வேண்டாம் என்று சொன்னதுகூட நான்தான். பதினொரு பக்கமும் உங்கள் நடை, ஒவ்வொரு பந்தியிலும் இரண்டு ஆச்சரியக்குறி.

உங்களுக்கு இது மலர். எனக்கு என்ன என்று சொல்கிறேன், கேளுங்கள். என் பேராசிரியர் ஹென்றியிடம் நானே போய்ச் சொன்னேன். பிறர் சொல்லி அவர் அறியக்கூடாது. அவர் கத்தவில்லை. "ஆய்வேட்டில் ஒன்று, அச்சில் அதற்கு எதிரான ஒன்று. இரண்டிலும் உன் பெயர். தேர்வாளர்கள் எதை நம்புவது?" என்றார். அச்சில் வந்ததை அதே மன்றம் அச்சில் மறுக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் தேர்வு தள்ளிப்போகும், தள்ளிப்போனால் எனக்கு இனித் தவணை இல்லை.

என் பெயரை எடுங்கள். அவ்வளவுதான்.

நலமாக இருங்கள் என்று எழுதக் கை வருகிறது, எழுதுகிறேன்.
துஷாந்தினி


சுன்னாகம்
20 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்த நாளில் அண்ணி என்னோடு பேசவில்லை, அடுத்த நாள் பேசினாள், அது இன்னும் மோசம்.

முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது. ஓகஸ்ட் பத்தாம் திகதி வெளியீடு. அழைப்பிதழும் போய்விட்டது. உன் பெயர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை யார் படிப்பார்கள்? புடவைக்கடைக்காரன் எழுதினது என்று மடித்து வைத்துவிடுவார்கள். அதனால்தான் உன் பெயரைப் போட்டேன். கெட்ட எண்ணத்தில் இல்லை.

ஊர் முழுக்கச் சந்தோஷப்படுகிறது, பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என்னைத் தெருவில் மறித்து மாஸ்ரர்மார் கதை கேட்கிறார்கள். அங்கே இருக்கிற வெள்ளைக்காரப் பேராசிரியர் சுன்னாகத்து மலரையா படிக்கப் போகிறார்? அண்ணனுக்காக இந்த ஒரு முறை பேசாமல் இருந்துவிட முடியாதா? உனக்காக நான் எவ்வளவோ பேசாமல் இருந்திருக்கிறேன்.

வெயிலில் திரியாதே.
அண்ணன்


மொன்றியல்
10 ஜூன் 2025

அண்ணைக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தைத் தாங்க வேண்டும்.

சனிக்கிழமை யோசெப் தன் கர்க்லாண்ட் வீட்டு பேஸ்மென்ட்டில் எனக்குப் பாராட்டு வைத்தார். முப்பது பேர், வடை, பால்தேநீர், சுவரில் பலூன்கள். வரமாட்டேன் என்று முதலில் சொன்னேன். பிறகு போனேன். ஒளித்துக்கொண்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒலிவாங்கியைத் தந்ததும், "இந்தக் கட்டுரை நான் எழுதினதில்லை. யெஷில் தமிழில இருந்து வரேல்லை. அது துருக்கியரே தங்கட ஈரத்தில இருந்து செய்துகொண்ட சொல்லு" என்றேன். ஒருவர் எழும்பி, "பிள்ளை, எங்கட சனத்துக்கு எதிராய் ஏன் கதைக்கிறாய்?" என்றார். "எங்கட சனத்துக்குப் பொய் தேவையில்லை எண்டுதான் கதைக்கிறன், ஐயா" என்றேன். யாரும் கைதட்டவில்லை. யோசெப்பின் மனைவி மட்டும் வடைகளை ஒரு பையில் போட்டுத் தந்து, "இரவைக்குச் சாப்பிடு, தங்கச்சி" என்றா. பஸ் நிறுத்தத்தில் நின்று எல்லா வடையையும் தின்று முடித்தேன். அழுகையும் வந்தது.

எனக்காக நீங்கள் பேசாமல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். யார் யாருக்காகப் பேசாமல் இருந்தது, அண்ணை?

எனக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையிலிருந்து வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து பாயில் பரப்புவீர்கள். "இது என்ன நிறம்? இது?" பச்சையும் சிவப்பும் பழுப்பும் உங்கள் கண்ணுக்கு ஒன்றுதான். நான் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பென்சிலால் எழுதித் தருவேன், நீங்கள் பாடமாக்குவீர்கள், எந்தப் புடவை எந்த அலுமாரித் தட்டில் என்று. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், ஒருவருக்கும் சொல்லாதே என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. உங்களோடு கோபித்த நாளில்கூட ஒரு துண்டிலும் பிழையான நிறம் எழுதவில்லை.

ஏன் பச்சை என்பதற்கு அதுதான் பதில். நான் பச்சை என்கிற அந்தச் சொல்லில்தான் உங்கள் பிழைப்பு நின்றது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியவள்தான் இன்னும் தேடுகிறேன். ஆய்வேட்டின் முன்னுரையில் இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் இரகசியம் அது.

ஆனால் என் பெயரில் உங்கள் பொய்யைச் சுமக்கமாட்டேன். வெளியீட்டில் நீங்கள் மறுக்காவிட்டால், நானே மறுத்து எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புவேன். செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

துஷாந்தினி


மொன்றியல்
20 ஜூலை 2025

அண்ணைக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. நீங்கள் சுகம், கடைக்குப் போய்வருகிறீர்கள், என் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று அண்ணி சொன்னா. அது போதும்.

நான் எழுதியதில் ஒரு வரியையும் திருப்பி எடுக்கமாட்டேன். உங்களில் பாசம் இல்லாமல் எழுதவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

துஷா


சுன்னாகம்
18 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா, பிள்ளை? இங்கே எல்லோரும் சுகம். உண்மையாகவே சுகம். கன நாளைக்குப் பிறகு இப்படி எழுதுகிறேன்.

வெளியீடு முடிந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். தலைவர் அரை மணித்தியாலம் பேசினார். உன் சார்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறேன் என்று விரித்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டித் தடுத்துவிட்டுக் கேட்டேன்:

"தலைவர், இது என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி, இரவி? பச்சை. உங்கட தங்கச்சியின்ர கண்டுபிடிப்புக்காகத் தேடி எடுத்தது."

"எனக்கு அது தெரியாது. பிறந்ததில இருந்து எனக்குப் பச்சை தெரியாது. சிவப்பும் தெரியாது. சின்னப் பிள்ளையாய் இருந்த என்ர தங்கச்சி எழுதித் தந்ததை வைச்சுத்தான் முப்பத்திரண்டு வருஷம் உங்கட வீட்டுக் கலியாணங்களுக்குப் புடவை எடுத்துத் தந்தனான். அவள் ஒரு துண்டிலயும் பொய் எழுதேல்லை. நான் பதினொரு பக்கம் அவளின்ர பேரில பொய் எழுதிப்போட்டன். இது அவளின்ர கட்டுரை இல்லை. என்ர."

தலைவர் என் காதுக்குள், "மன்றத்தின்ர மானம் போகுது, இருமன்" என்றார். "இருக்கமாட்டன்" என்றேன். நீ எழுதிய "சுமக்கமாட்டேன்" போலவே வந்தது. பொன்னாடையை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் முந்நூறு பிரதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் உன் பெயருக்குமேல் அச்சடித்த துண்டு ஒட்டினேன். "இக்கட்டுரையை துஷாந்தினி எழுதவில்லை, அவர் இக்கருத்தை மறுக்கிறார். எழுதியவர் சி. இரவிச்சந்திரன், புடவைக்கடை ஊழியர்." மன்றத்தின் முத்திரையும் குத்தியிருக்கிறேன், முத்திரை செயலாளரிடம்தானே இருக்கும். ஒரு பிரதி உன் ஹென்றிக்கு. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யெஷில் தமிழ்தான் என்று நான் இன்னும் நம்புகிறேன். நீ ஆயிரம் சொன்னாலும் நம்புவேன். ஆனால் அந்தப் பிழையோ சரியோ இனி என் பெயரில் இருக்கட்டும்.

முதலாளி ஒன்றும் செய்யவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் எப்படியப்பா?" என்று மட்டும் கேட்டார். இப்போது கடையில் வருகிறவர்களிடமே, "பிள்ளை, இது என்ன நிறம்?" என்று உரக்கக் கேட்கிறேன். சொல்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. அண்ணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், "கலியாணம் கட்டின மூண்டாம் நாளே எனக்குத் தெரியும், சாப்பிட வாங்கோ" என்கிறாள்.

அந்த வெறும் பக்கத்தை நிரப்பு.

உன் தேர்வுக்கு ஒரு பட்டுப்புடவை கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஒருவரையும் கேட்காமல், நானே தட்டிலிருந்து எடுத்தேன். பச்சை என்று நினைக்கிறேன். அதன் வெட்டுத்துண்டு ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். பார்த்து எழுது.

அண்ணன் இரவிச்சந்திரன்


மொன்றியல்
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறேன், சரியான களைப்பு. வெள்ளிக்கிழமை தேர்வு. இரண்டரை மணித்தியாலம் கேள்வி. நீங்கள் துண்டு ஒட்டிய மலரை ஹென்றி எல்லோருக்கும் காட்டி, அண்ணை தன் கருத்தில் நிற்கிறார், தங்கை தன் கருத்தில் நிற்கிறாள், இந்தக் குடும்பத்தில் யாருடைய பெயரும் இனிக் குழப்பமில்லை என்றார். சிரித்தார்கள். பிறகு யஷ் பற்றித் துளைத்தெடுத்தார்கள். நான் ஓர் அடியும் பின்வாங்கவில்லை. தேறிவிட்டேன். இனி நீங்கள் கலாநிதி என்று போடலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

புடவை தேர்வுக்கு முதல் நாள் வந்தது. பெட்டியைத் திறந்ததும் கார்டெரியில் என்னோடு வேலை செய்கிற றொஷினி, "ஐயோ அக்கா, இதை உடுத்துக்கொண்டு போகாதேங்கோ, பச்சையைப் பற்றிக் கதைக்கப் போறீங்கள்" என்று தடுத்தாள். அதைத்தான் உடுத்துக்கொண்டு போனேன்.

கடைசியாக ஒரு தேர்வாளர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பச்சையைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிவிட்டு இப்படி ஒரு சேலையில் வந்திருக்கிறாய். என்ன காரணம்?" என்று கேட்டார்.

"இது என் அண்ணை எனக்காக எடுத்த பச்சை" என்றேன். பிறகு முன்னுரையின் முதற்பக்கத்தை எடுத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அது நிறைந்திருக்கிறது.

உங்கள் வெட்டுத்துண்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வழக்கம்போல ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். சிவப்பு என்று.

அண்ணியையும் உங்களையும் கட்டிக்கொள்கிறேன்.
துஷா